குரலுக்கு உரியவர் யார்?

கண்பார்வை மங்கிய முதிய ஈசாக்கின் முன் இளைய மகன் யாக்கோபு வந்து நின்ற காட்சியைத் தொடக்க நூலின் 27ஆம் அதிகாரத்தில் நாம் வாசித்திருக்கிறோம். அண்ணன் ஏசாவின் ஆடையை அவன் உடுத்தியிருந்தான். கைகளிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டியின் தோலைப் போர்த்தியிருந்தான். தடவிப் பார்த்த தந்தைக்குக் குழப்பம் உண்டாயிற்று. கை மூத்தவனுடைய கையாக இருக்கிறது. குரலோ இளையவனுடையதாக ஒலிக்கிறது. ஈசாக்கு கையை நம்பினார். ஆசி இடம் மாறிப்போயிற்று. யாக்கோபின் ஆடை பொய் சொன்னது, தோல் பொய் சொன்னது, அவன் உரைத்த சொற்களும் பொய் சொன்னன. ஆனால் அவனுடைய குரல் மட்டும் இறுதிவரை உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தது.

நம் நாளில் அந்த ஆட்டுத்தோலைக் குரலுக்கே போர்த்திவிட முடிகிறது. 2023 சனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவன ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய வால்-ஈ என்னும் கணினி அமைப்பு, ஒருவரது மூன்று நொடிப் பேச்சை மாதிரியாகக் கொண்டு, அவர் ஒருபோதும் சொல்லாத சொற்களை அவர் குரலிலேயே பேசிக்காட்டிற்று. ஒருவரது குரல் அவரது முகத்தைப் போன்றதே. இருட்டிலும் தாயின் குரலைக் குழந்தை அறிகிறது. ஆயனின் குரலை ஆடுகள் அறிகின்றன என்று ஆண்டவர் உரைத்ததும் இதனாலன்றோ? அத்தகைய குரல் ஆளைவிட்டுப் பிரிந்து தனியே உலவத் தொடங்குமானால் அது யாருக்கு உரியது? பேசியவருக்கா, பதிவு செய்தவருக்கா, அவருடைய குடும்பத்தாருக்கா? இக்கேள்வி அறிவியலாருக்கும் சட்ட வல்லுநருக்கும் மட்டும் உரியதன்று. எங்கள் ஊர்த் திண்ணைக்கே அது வந்து சேர்ந்துவிட்டது.

அலங்காநல்லூரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்த நண்பர்கள் சிலர், ஓய்வு நேரங்களில் முதியோரின் பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றி வருகிறோம். ஆங்கிலத்தில் பாட்காஸ்ட் என்றும் தமிழில் வலையொலி என்றும் இதனை அழைக்கின்றனர். 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் அந்த ஆங்கிலச் சொல் தோன்றியது. வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், ஒருவர் தம் கைபேசியிலேயே கேட்டுக்கொள்ளும் வானொலி எனச் சுருக்கமாகச் சொல்லலாம்.

ஒரு காலத்தில் மனிதக் குரலை எட்டுத் திசைக்கும் அனுப்புவது பெரும் நிறுவனங்களுக்கே இயன்ற செயல். 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை 11ஆம் பயஸ் வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தபோது, அதனை அமைத்துத் தர மார்க்கோனியே வரவேண்டியிருந்தது. நம் இல்லங்களில் சிற்றலை வரிசையில் முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடிக் கேட்ட வேரித்தாஸ் ஆசிய வானொலியும் 2018இல் சிற்றலையை விடுத்து இணையத்திற்கு மாறிவிட்டது. இன்று ஒரு கைபேசி, சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கி, விலையின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற ஒரு மென்பொருள் ஆகியவை போதும். திண்ணையே ஒலிபரப்பு நிலையமாகிவிடுகிறது.

இக்கருவிகளின் ஆற்றலை எங்கள் ஊர் கண்கூடாகக் கண்டது. ஏறுதழுவுதலுக்கு உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தடை விதித்தது. 2017 சனவரியில் அத்தடையை எதிர்த்து இரவெல்லாம் அமர்ந்திருந்த இளைஞர்கள் 17ஆம் நாள் காலையில் கைது செய்யப்பட்டனர். அச்செய்தி கைபேசிகளின் வழியே பரவ, அன்றே சென்னை மெரினாவில் மாணவர்கள் கூடத் தொடங்கினர். 23ஆம் நாள் சட்டமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூர் வாடிவாசல் மீண்டும் திறந்தது. தம் குரல் தொலைவுக்குக் கேட்கும் என்னும் நம்பிக்கை அன்று எளிய மக்களுக்குப் பிறந்தது. அந்த நம்பிக்கை மதிப்புள்ளது. ஆகவேதான் குரலைக் கையாளுவோர் பொறுப்புடன் கையாள வேண்டியிருக்கிறது.

ஒலிப்பதிவில் ஈடுபடுவோர் விரைவிலேயே ஓர் உண்மையை உணர்வர்: பதிவு செய்வது சிறிது நேர வேலை, எதை நீக்குவது என்று முடிவு செய்வதே நீண்ட வேலை. மென்பொருளில் இரைச்சலை அகற்றும் வசதி உண்டு. பேச்சு இல்லாத சில நொடிகளைத் தேர்ந்து, 'இதுவே இரைச்சல்' என்று காட்டிவிட்டால், அதே தன்மையுள்ள ஒலியைப் பதிவு முழுவதிலிருந்தும் அது குறைத்துவிடும். மின்விசிறியின் ஓசையும் வயற்காற்றின் சீற்றமும் அடங்கிப்போகும். பேச்சின் இடைவெளிகளைத் தானே கண்டுபிடித்துக் குறுக்கும் வசதியும் உண்டு. எம்பி3 என நாம் அறிந்த கோப்பு முறையோ, மனிதச் செவிக்குப் புலப்படாது என்று தான் கணித்த ஒலிகளை விட்டுவிட்டே கோப்பைச் சிறிதாக்குகிறது. இவை யாவும் பயனுள்ளவையே. ஆயினும், எது இரைச்சல், எது பேச்சு என்பதைக் கருவி அறியாது. அதை மனிதரே சொல்லித்தர வேண்டும்.

எண்பதைக் கடந்த ஒரு பெரியவரிடம் சென்றிருந்தோம். இளமையில் மாடு அணைவதில் பெயர் பெற்றவர். தம்முடன் களமிறங்கிய தோழர் ஒருவர் காளையால் குத்துண்டு இறந்ததைச் சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். தொழுவத்தில் மாட்டின் கழுத்துமணி ஒலிக்கிறது, தொலைவில் சேவல் கூவுகிறது, அவர் பேசவில்லை. பிறகு வேறொன்றைப் பேசத் தொடங்கினார். மென்பொருளின் கணக்கில் அந்த இடம் வெற்றிடம். நாங்கள் அதை அப்படியே விட்டுவைத்தோம். அவர் மறைந்த பிறகு அப்பதிவைக் கேட்ட அவருடைய மனைவி, "அவரு பேசாம இருந்த எடத்தையும் வெட்டாம வச்சிருக்கீகளே தம்பி, அதுதான்யா அவரு" என்றார். மௌனமும் ஒருவருடைய பேச்சின் பகுதி என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அதே வீட்டிலிருந்து சில மாதங்கள் கழித்து ஒரு வேண்டுகோள் வந்தது. பெரியவரின் பேத்திக்குத் திருமணம். "தாத்தா கொரலு உங்ககிட்ட இருக்குல்லண்ணே? அவரு வாழ்த்துற மாதிரி கம்ப்யூட்டர்ல செஞ்சு குடுங்க. மண்டபத்துல போட்டா அக்கா சந்தோசப்படும்" என்று பேரன் கேட்டார். குடும்பத்தார் அனைவருக்கும் அதில் விருப்பம் இருந்தது. கருவி இருக்கிறது, குரலும் இருக்கிறது, எவரையும் ஏமாற்றும் எண்ணமில்லை, பணமோ சொத்தோ இதில் கைமாறப்போவதில்லை. அன்பினால் எழுந்த ஆசை. இதை மறுக்க வேண்டிய காரணம் என்ன?

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. மறைந்தோரின் படத்துக்கு நாம் மாலையிடுகிறோம். 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் கணினியின் துணையால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டில் மறைந்த பவதாரிணியின் குரல், அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா இசையமைத்த 'கோட்' படப் பாடலொன்றில் இவ்வாறே ஒலித்தது. கேட்டவர் பலர் கண்கலங்கினர். அக்கண்ணீரைப் பொய் என்று யார் சொல்வார்?

எனினும் பாட்டுக்கும் வாழ்த்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. திரைப்படத்தில் பாடுபவர் பிறர் எழுதிய சொற்களை, வேறொரு பாத்திரத்துக்காகப் பாடுகிறார் என்பதைக் கேட்போர் அறிவர். அங்கே குரல் ஓர் இசைக்கருவியாக நிற்கிறது. வாழ்த்து அத்தகையதன்று. வாழ்த்து என்பது செயல். வாக்குக் கொடுத்தல், மன்னித்தல், திருமண உடன்பாடு கூறுதல் போல, அதைச் சொல்லும் ஆள் தம்மையே அச்சொல்லுக்குப் பிணையாக வைக்கிறார். ஈசாக்கின் கதைக்கு இங்கே திரும்ப வேண்டும். தாம் ஏமாற்றப்பட்டதை அறிந்த முதியவர் நடுநடுங்கினார். ஆயினும் கொடுத்த ஆசியைத் திரும்பப் பெறவில்லை. ஏனெனில் அது அவருடைய நெஞ்சிலிருந்தும் நாவிலிருந்தும் புறப்பட்டது. வஞ்சனையால் பெறப்பட்டதாயினும், அங்கே ஆசி அளித்தவர் ஒருவர் இருந்தார். கணினி ஆக்கித் தரும் வாழ்த்திலோ வஞ்சனையே இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாழ்த்துபவர் என்று ஒருவரும் இல்லை. மணமகளின் காதில் தாத்தாவின் குரல் விழும். அவருடைய ஆசி விழாது.

குடும்பத்தாரின் இசைவு இக்குறையை நிரப்புமா? பெரியவர் எங்களிடம் பேச இசைந்தது உண்மை. "நம்ம பயலுக கேக்கட்டும்" என்று சொல்லித்தான் பேசினார். அவர் தந்தது தாம் பேசிய பேச்சை. தம் நாவை அன்று. நிலத்தையும் வீட்டையும் வாரிசுகள் பெறலாம். இனி இன்னதைச் சொல்வேன், இன்னதைச் சொல்லமாட்டேன் என்னும் உரிமையை யாரும் வாரிசாகப் பெற இயலாது. மனிதர் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர் என்று நம்புகிற நமக்கு இது புதிய செய்தியன்று. சாயலைச் சுமப்பவர் இறந்தபின்னும் அவர் ஒரு பொருளாகிவிடுவதில்லை. மனித உடலை மரியாதையுடன் அடக்கம் செய்யும் நாம், குரலை மட்டும் விருப்பம்போல் எடுத்தாளுதல் முறையாகுமா?

மறைந்தோரின் சொற்களை உயிருடன் வைத்திருக்க வேறு வழியில்லையா என்றால், ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு வழி இருக்கிறது. ஞாயிறுதோறும் நம் ஆலயத்தில் யாரோ ஒருவர் வாசக மேடைக்கு வருகிறார். பள்ளி மாணவியாக இருக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம். தாம் வாசிக்கப்போவது திருத்தூதர் பவுலின் திருமுகம் என்று முதலில் அறிவித்துவிட்டு, தம் சொந்தக் குரலில் வாசிக்கிறார். பவுலின் குரலைப் போல ஒலிக்க அவர் முயல்வதில்லை. சொல் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்பது அங்கே மறைக்கப்படுவதில்லை. ஆகவே வாசிப்பவரும் பொய்யராவதில்லை, பவுலும் மௌனமாகிவிடுவதில்லை. திருமுழுக்கு யோவானைப் பற்றிப் போதித்த புனித அகுஸ்தீனார், யோவான் குரல், கிறிஸ்துவோ வார்த்தை என்று வேறுபடுத்திக் காட்டினார். குரல் ஒலித்துக் கடந்து போகும். வார்த்தை கேட்பவரின் உள்ளத்தில் தங்கும். கடந்துபோவது குரலின் இயல்பு. அதனால்தான் அதற்கு அவ்வளவு அருமை.

இவற்றையெல்லாம் அந்த வீட்டில் சொற்பொழிவாக நாங்கள் நிகழ்த்தவில்லை. செய்து தர இயலாது என்பதையும் அதற்கான காரணத்தையும் சுருக்கமாகச் சொன்னோம். அதற்கு மாறாக, தம் திருமணத்தைப் பற்றிப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்ன சில நிமிடப் பதிவு ஒன்றைத் தேடிக் கொடுத்தோம். மண்டபத்தில் அது ஒலித்தபின், அவருடைய மனைவியே எழுந்து பேத்தியின் தலையில் கைவைத்து, தாத்தாவுக்கும் சேர்த்து வாழ்த்தினார். பேரனுக்கு முழு மனநிறைவு ஏற்பட்டது என்று சொல்ல இயலாது. "வேற ஆளுக செஞ்சு குடுத்திருப்பாக" என்றார். அவர் சொன்னதும் மெய்யே. செய்து கொடுப்பார் பலர் உளர். கட்டணமின்றியே கிடைக்கும் கருவிகளும் உள்ளன. ஒருவர் மறுப்பதால் எதுவும் நின்றுவிடப் போவதில்லை. எனினும், எல்லாரும் செய்ய முடிகிற ஒன்றைச் செய்யாது விடுவதற்கும் மனச்சான்று தேவைப்படுகிறது.

திருச்சபையும் இது குறித்துச் சிந்தித்து வருகிறது. 2022ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு, இதயத்தின் செவியால் கேட்பதைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் செய்தி வழங்கினார். 2026ஆம் ஆண்டின் 60ஆவது சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்துகொண்ட கருப்பொருளே, மனிதக் குரல்களையும் முகங்களையும் காப்பது என்பதாகும். முதலில் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்டதைக் காக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே ஒலிப்பதிவு செய்வோரின் கடமை எனலாம்.

1902இல் கல்கத்தாவில் கௌகர் ஜான் இசைத்தட்டுகளுக்காகப் பாடியபோது, பாட்டின் இறுதியில் தம் பெயரைத் தாமே கூறினார். தட்டு தயாரிக்கும் தொழில்நுட்பர்கள் யாருடைய பாட்டு என்று அறிந்துகொள்வதற்காக எழுந்த வழக்கம் அது. இன்று கேட்கும்போது, இது என் குரல், நானே இதற்குப் பொறுப்பு என்று அவர் கையொப்பமிடுவதாகவே தோன்றுகிறது. அந்த வழக்கத்தை நம் வீடுகளுக்கும் கொண்டுவரலாம். நம்மிடம் கைபேசி இருக்கிறது. நம் வீட்டில் முதியோர் இருக்கின்றனர். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து, பெயரும் ஊரும் சொல்லச் செய்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்வோம். யார் யார் கேட்கலாம், எதை வெளியிடலாம், தங்கள் காலத்துக்குப் பின் அக்குரலை என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதை அவர்களிடமே கேட்போம். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வாழ்த்து இருந்தால் அதையும் இப்போதே சொல்லும்படி வேண்டுவோம். அவர்கள் பேச்சை நிறுத்தி மௌனமாகும்போது, கருவியை அணைத்துவிடாமல் உடனிருப்போம்.