மகளுக்கென்று தனி அளவுகோலா?

"எந்தப் பள்ளி என்று நீயே சொல்லிவிடு, நீ ஆசிரியை அல்லவா?" என்றார் மாமா, என் அக்காளின் கணவர்.

சேலையூரில் அவர்கள் வீடு. மகள் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேடவேண்டும். மேசைமீது மூன்று தனியார் பள்ளிகளின் விண்ணப்பங்கள் கிடந்தன. அருகே ஒரு தாள். அதில் தம் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார் மாமா. வீட்டுக்கு அருகில் உள்ளதா? பெண்கள் மட்டும் படிப்பதா? மதில் உயரமானதா? கண்டிப்பு உண்டா? நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வருகிறார்களா?

சென்ற ஆண்டு மகனுக்குப் பள்ளி தேடியபோதும் ஒரு தாள் எழுதினார். அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கூடம் எப்படி? விளையாட்டுத் திடல் உண்டா? கணக்கை யார் கற்பிக்கிறார்கள்? மேல்வகுப்பில் என்னென்ன பிரிவுகள்? அந்த மகன் இன்று மேடவாக்கத்துக்கும் அப்பால், பள்ளிப் பேருந்தில் நாள்தோறும் போய்வருகிறான்.

தோழர்களே! இரண்டு தாள்களையும் எழுதியது ஒரே கை. அன்பு நிறைந்த கை. மாமா பழமைப் பித்தர் அல்லர். சடங்கின்றி மணம் புரிந்தவர். தம் மக்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியவர். மேடையேறிப் பெண்ணுரிமை பேசியவர். அப்படிப்பட்டவரிடமும் மகனுக்கு ஒரு கோல், மகளுக்கு ஒரு கோல்! மகனின் தாள், 'பள்ளி எதைத் தரும்?' என்று கேட்கிறது. மகளின் தாள், 'பள்ளி எதைத் தடுக்கும்?' என்று கேட்கிறது.

"காலம் கெட்டுக் கிடக்கிறதே! பெற்றவனுக்கு அச்சம் இராதா?" என்பீர்கள். அச்சம் பொய் என்று நான் கூறவில்லை. 2012 சூலை 25ஆம் நாளைத் தாம்பரத்தார் மறக்கமாட்டார்கள். பள்ளி விட்டு முடிச்சூர் வழியே வீடு திரும்பிய இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தனியார் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகளை அவ்வாண்டே தமிழ்நாடு அரசு வகுத்தது.

அப்போது எனக்கு வயது பதினொன்று. என்னைவிட இரண்டாண்டு மூத்த அண்ணனும் நானும் வேறொரு பள்ளிக்கு ஒரே பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். அடுத்த மாதமே என் பயணம் நின்றது. "பெண்பிள்ளைக்கு ஏன் இந்த ஆபத்து?" என்றார் அப்பா. நடக்கும் தொலைவில் இருந்த பள்ளிக்கு மாற்றப்பட்டேன். அண்ணனோ அதே பேருந்தில் தொடர்ந்து போனான்! ஓட்டை, ஆண் என்றும் பெண் என்றும் பார்த்தா விழுங்கும்? அந்தப் பேருந்தின் தளத்தைக் குனிந்து பார்த்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இலர். நான் சேர்ந்த பள்ளியின் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு இல்லை. கலைப் பட்டம் பெற்றேன். அதில் எனக்கு இழிவில்லை. ஆனால் தேர்ந்தெடுத்தது நான் அன்று, தொலைவு!

அச்சத்தை மகள்மீது ஏவினால் அது விலங்கு. பள்ளிமீது ஏவினால் அது கேள்வி. நான் கூற வந்தது இவ்வளவுதான்.

கேளுங்கள்! பேருந்தின் தகுதிச் சான்று எங்கே? பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் உண்டா? மாடிப்படியின் அகலம் என்ன? ஆபத்தில் வெளியேற எத்தனை வழிகள்? 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குக் கொடுத்த நாடு இது. அந்த நெருப்பும் ஆண், பெண் பார்க்கவில்லை. ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் அது யாரிடம் சொல்லும்? கேட்டவர் முறையிடுவாரா, பள்ளியின் பெயரைக் காக்க மூடி மறைப்பாரா? 2012இல் வந்த போக்சோ சட்டம் சிறுவனையும் சிறுமியையும் ஒருங்கே காக்கிறது. அறிந்தும் மறைப்பதைக் குற்றம் என்கிறது. மதிலின் உயரத்தை அளப்பதைவிட இந்தக் கேள்விகள் மேலானவை அல்லவா?

அடுத்து, 'நல்ல குடும்பம்'. சாதி என்று எழுதக் கூசிய பேனா, குடும்பம் என்று எழுதியிருக்கிறது! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. "அப்படிச் சேர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் எங்கே அமர்கிறார்கள்?" என்று கேளுங்கள். விடையிலேயே அந்தப் பள்ளியின் தரம் தெரிந்துவிடும். கட்டணம் மிகுந்தால் கல்வி மிகும் என்றும் மயங்காதீர். சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்துமாறு 2011இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டபின், மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே.

முத்துலட்சுமி அம்மையாரை எண்ணிப் பாருங்கள். புதுக்கோட்டையில் ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியது. மன்னரின் ஆணை அவருக்குக் கதவைத் திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பட்டம் பெற்றார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது அவர் முயற்சியால். 'வீட்டுக்கு அருகில், பெண்கள் மட்டும், உயர்ந்த மதில்' என்று அன்று அவருக்கும் பள்ளி தேடியிருந்தால், இழப்பு அவருக்கு மட்டுமா?

தந்தையின் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று 1989இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2005இல் இந்தியா முழுமைக்கும் அச்சட்டம் வந்தது. வீட்டில் பாதி தரத் துணிந்த நாம், வாய்ப்பில் பாதி தரத் தயங்கலாமா?

ஓர் எளிய சோதனை சொல்கிறேன். மகளுக்காக எழுதும் கேள்வி ஒவ்வொன்றையும் மகனுக்காகவும் எழுதுவீர்களா என்று பாருங்கள். எழுதமாட்டீர்கள் என்றால், அதை அடித்துவிடுங்கள். மகனுக்காக எழுதியதை மகளின் தாளிலும் எழுதுங்கள்.

மாமாவிடம் இதையே சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மகளை அழைத்து, "உனக்கு ஏதாவது கேட்கவேண்டுமா?" என்றார். "அந்தத் திடலில் பெண்களும் பந்து விளையாடலாமா?" என்றாள் அவள். தாளின் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டார். மதிலை அடித்தார், குடும்பத்தை அடித்தார். தொலைவை மட்டும் அடிக்கவில்லை. "பேருந்தைப் பார்த்துவிட்டு அடிக்கிறேன்" என்றார். நியாயந்தான். வரும் சனிக்கிழமை இருவரும் போகிறோம். குனிந்து, தளத்தைத் தட்டிப் பார்க்கப் போகிறோம்.

நீங்களும் குனிந்து பாருங்கள், தோழர்களே! உங்கள் மகளை வீட்டில் நிறுத்துமுன், பள்ளியைக் கேள்விமுன் நிறுத்துங்கள்!