தானாக ஓடுவது

தானியங்கிக் கைக்கடிகாரம் என்ற சொல்லில் வருகிற அந்தத் 'தான்' யார்? இலக்கணப்படி கடிகாரம். இயந்திரவியல்படி பார்த்தால் அது ஒரு கை.

இந்தவகைக் கடிகாரத்துக்குள் பேட்டரி கிடையாது. பின்மூடியைத் திறந்தால் அரைவட்டமான கனத்த தகடு ஒன்று தெரியும், ரோட்டர் என்பார்கள். கட்டியிருப்பவர் கையை வீசும்போதும் தூக்கும்போதும் திருப்பும்போதும் அந்தத் தகடு தன் கனத்தால் சுழன்று, பல்சக்கரங்கள் வழியாக ஒரு சுருள்வில்லை முறுக்குகிறது. வில் மெல்ல மெல்ல அவிழ, முட்கள் நகர்கின்றன. ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் 1920களில் இந்த ஏற்பாட்டைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்து காப்புரிமை பெற்றார். கழற்றி மேசைமேல் வைத்தால் இரண்டு நாளுக்குள் நின்றுவிடுகிற ஒரு பொருளுக்கு 'ஆட்டோமேட்டிக்' என்று பெயர். ஓடவைக்கும் உழைப்பு கண்ணில் படாவிட்டால், தானாக ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பழக்கம் கடிகாரத்தோடு நிற்பதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு சீக்கோ 5. தொண்ணூறுகளின் கடைசியில் மாமா சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்கு வாங்கிவந்தது. உள்ளே இருந்தது 7எஸ்26 என்ற மெஷின். (கடிகாரத்தின் உள்ளுறுப்பு மொத்தத்தையும் நம் ஊர்க் கடைகளில் மெஷின் என்றுதான் சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொள்கிறேன்.) இந்த மெஷினுக்குச் சாவி கொடுக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் திருகை இழுத்து நேரத்தையும் தேதியையும் மாற்றலாம், அவ்வளவுதான். முறுக்கு ஏறவேண்டுமானால் கட்டியிருக்கும் கை அசையவேண்டும். அப்பா ஓய்வுபெற்ற பிறகு அது அடிக்கடி நின்றுபோனது. நாளிதழும் தொலைக்காட்சியுமாக நாற்காலியில் இருப்பவரின் மணிக்கட்டில் அதற்குப் போதிய தீனி இல்லை. கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அலமாரியில் போட்டார். அம்மா எடுத்துக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. மாவு கரைத்தது, துணி உதறியது, கூட்டிப் பெருக்கியது, பேரப்பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்தது எல்லாம் அந்த வில்லில் ஏறின. "உங்கம்மா கைராசி அப்படி" என்றார் அப்பா. பாராட்டாகத்தான் சொன்னார்.

கைராசி, கைமணம், கைப்பக்குவம். பெண்ணின் கை செய்கிற வேலைக்குத் தமிழில் எத்தனை அழகான சொற்கள்! 'பக்குவம்' ஒன்றைத் தவிர மற்றவற்றில் கற்றல் என்ற பேச்சே இல்லை. ராசி பிறவியில் வருவது. மணம் பூவுக்கு இருப்பதுபோல இருப்பது. ஒரு கை எத்தனை முறை தீய்த்து, எத்தனை முறை உப்பைக் கூட்டிப்போட்டு அந்த மணத்துக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சொல் விழுங்கிவிடுகிறது.

இருபது ஆண்டு ஓட்டத்தில் எண்ணெய் வற்றி, கடிகாரம் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பின்தங்கத் தொடங்கியது. இரண்டு வழிகள் இருந்தன. மெஷினைக் கடைசித் திருகுவரை பிரித்துக் கழுவி எண்ணெயிட்டுக் கோப்பது ஒன்று. அது பல ஆண்டுப் பயிற்சி கேட்கிற வேலை. மற்றது மெஷினையே மாற்றுவது. சீக்கோ குழுமம் என்எச்36 என்ற மெஷினைத் தனியாக மற்றவர்களுக்கும் விற்கிறது. 7எஸ்26இன் நெருங்கிய உறவு. பழைய முட்களும் டயலும் அதில் பொருந்தும். கூடுதலாக, இதற்குச் சாவி கொடுக்கலாம். விலை சில ஆயிரம். கைக்கருவிகளோடு சேர்த்து ஒருவர் வீட்டு மேசையில் செய்யக்கூடியது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். கருவி விசாரிக்கப் போன இடத்தில் வாட்ச் கடைக்காரர் கேலி செய்யவில்லை, தடுக்கவும் இல்லை. "உங்களுக்கு நல்லா வரும் மேடம், லேடீஸ் கை மெல்லிசான கை" என்றார். கேலி செய்திருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், மெல்லிசான கைக்கு அதில் எவ்வளவு இடம் என்று தெரிவதற்காக. பின்மூடியைத் திருகித் திறந்ததும், திருகின் தண்டு உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு சின்ன அழுத்தான் இருக்கும். கூர்முனையால் அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் தண்டு வெளியே வரும். கவிழ்த்தால் டயலும் முட்களுமாக மெஷின் உள்ளங்கையில் விழும். டயலில் கீறல் விழாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, இரண்டு நெம்புகோல்களை எதிரெதிரே கொடுத்து முட்களை எழுப்பவேண்டும். டயல் இரண்டு சின்னக் கால்களில் நிற்கிறது. அதை எடுத்துப் புது மெஷினில் பதிக்கவேண்டும். இப்போது முட்கள் இல்லாமலே நேரத்தை ஓட்டவேண்டும், தேதி சடக்கென்று மாறும்வரை. மாறிய அந்தக் கணம் நள்ளிரவு. மணி முள்ளையும் நிமிட முள்ளையும் பன்னிரண்டில் குத்திட்டு நிறுத்தவேண்டியது அங்கேதான். ஒரு நள்ளிரவைத் தேடிப்பிடித்து அதன்மேல் முள்ளை ஊன்றுவது எனக்குப் பிடித்த பகுதி. நொடிமுள் வேறு கதை. அதன் துளை 0.2 மில்லிமீட்டர். கண்ணில் லென்ஸை மாட்டி, சாமணத்தால் பிடித்து, அது உட்காரும் அச்சின்மேல் நேராக இறக்கவேண்டும். முதல்முறை செய்கிற எவருக்கும் உட்காராது. கடைசியில் புதுத் தண்டை வெட்டும் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்டவேண்டும். கூடுதலாக வெட்டியதை ஒட்டமுடியாது.

இதில் மெல்லிசுக்கு வேலையே இல்லை. இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றவேண்டும். முள்ளை இறக்கும் நேரத்தில் மூச்சை நிறுத்தவேண்டும். காபி குடித்த உடனே தொடக்கூடாது. சாமணத்தை அழுத்திப் பிடித்தால் முள் தெறித்து அறையின் மூலைக்குப் போய்விடும். இவை எல்லாம் கற்பவை. தடித்த விரல்காரரும் கற்கலாம்.

மெல்லிசான விரல் என்ற பாராட்டுக்கு ஒரு பொருளாதாரம் இருக்கிறது. டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் எழுதிய புகழ்பெற்ற ஒரு கட்டுரை அதைத்தான் பேசியது. மூன்றாம் உலக நாடுகளின் ஏற்றுமதி ஆலைகள் இளம்பெண்களைத் தேடித்தேடி எடுத்தபோது சொன்ன காரணம், அவர்களுடைய விரல்கள் இயல்பிலேயே சுறுசுறுப்பானவை என்பது. அந்தச் சுறுசுறுப்பு பிறவியில் வந்ததல்ல, தையலிலும் வீட்டுவேலையிலும் சிறுவயது முதல் பழக்கப்பட்டது என்றார்கள் அவர்கள். பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் அது பயிற்சியாகக் கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறாத திறனுக்குக் கூலியும் கிடையாது. 'இயல்பு' என்ற சொல் சம்பளச் சீட்டில் இப்படித்தான் வேலை செய்கிறது.

கடிகாரத் தொழிலில் இதன் கொடிய பக்கமும் உண்டு. முதல் உலகப்போர்க் காலம்தொட்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆரஞ்ச் என்ற ஊரில், இருட்டில் ஒளிரும் கடிகார டயல்களுக்கு ரேடியம் கலந்த சாயத்தைத் தீட்டியவர்கள் இளம்பெண்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்டார்கள். தாடையெலும்பு அரிக்கப்பட்ட பிறகு ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1928இல் சமரசத்தில் முடிந்தது. நுண்வேலைக்கு அவர்கள் விரல் வேண்டியிருந்தது, ஆபத்தைச் சொல்லவேண்டிய ஆட்களாக மட்டும் அவர்கள் தெரியவில்லை. நம் பக்கம் 1961இல் எச்எம்டி பெங்களூரில் கைக்கடிகார ஆலை தொடங்கியபோதும், எண்பதுகளில் டைட்டன் ஓசூரில் வந்தபோதும், பாகங்களைக் கோக்கும் மேசைகளில் ஏராளமான பெண்கள் அமர்ந்தார்கள். அது அவர்களுக்குச் சொந்தச் சம்பளத்தையும் சொந்த ஊருக்கு வெளியே ஒரு வாழ்க்கையையும் தந்தது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இருந்தும் நம் கடைத்தெருக்களில் வாட்ச் ரிப்பேர் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் லென்ஸோடு ஒரு பெண் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆலையில் கோக்கிற விரல் இயல்பு. கடையில் பிரிக்கிற விரல் தொழில்.

ஆகவே நான் கேட்கிற கேள்வி, கற்றுக்குட்டியாக இருக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பது. வீட்டு வானொலியைப் பிரித்துப்போட்ட பையனை அடித்தாலும், அடித்த கையோடு 'மெக்கானிக் மூளை' என்று நாலு பேரிடம் சொல்வார்கள். அவன் பாழாக்கிய வானொலி அவனுடைய கல்விச் செலவு. பெண்ணுக்கு இரண்டே இருக்கைகள். அடுப்பில் அவள் பிறவியிலேயே தெரிந்தவள். திருப்புளி முன்னால் பிறவியிலேயே தெரியாதவள். இரண்டுக்கும் நடுவில், இன்னும் தெரியாது ஆனால் தெரிந்துகொண்டிருக்கிறேன் என்று உட்கார ஓர் இருக்கை அவளுக்குப் போடப்படவில்லை. வகுப்பில் பார்க்கிறேன்: மாணவர்கள் தவறான விடையைச் சத்தமாகச் சொல்கிறார்கள். மாணவிகள் சரியான விடையை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறார்கள். இதில் அறிவுக் குறைவு எங்கே இருக்கிறது? தவறிப்போனால் அந்த ஒரு விடை மட்டும் தவறாகாது, நாம் முழுவதுமே தவறாகிவிடுவோம் என்ற கணக்கு அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கிறது.

மெஷினை மாற்றியது பழுதுபார்த்தல் ஆகுமா என்று கேட்கலாம். ஒரு பெட்டியை எடுத்துவிட்டு இன்னொரு பெட்டியை வைத்ததற்கு இத்தனை பேச்சா? நியாயமான கேள்வி. உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமலே இந்த வேலையைச் செய்துவிட முடியும். தேர்ந்த கைவினைஞர் இதை ரிப்பேர் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் தொடங்குகிறவருக்குக் கதவு இந்த உயரத்தில்தான் இருக்கிறது. கெட்டால் மாற்று வாங்கலாம் என்கிற விலையில் ஒரு பொருள் கிடைப்பது, கெடுக்கிற உரிமையில் ஒரு பங்கு.

மெஷின் மாறிய பிறகு அது அதே கடிகாரமா என்ற கேள்வியும் உண்டு. தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் வாதிட்டதாக புளூடார்க் எழுதினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று பின்னால் ஹாப்ஸ் கேட்டார். பலகையை மாற்றிய தச்சர்கள் என்ன நினைத்தார்கள் என்று இருவரும் கேட்கவில்லை. கப்பல் சொந்தமானவர்களின் கேள்வி அது. சீக்கோவில் வரிசை எண் பின்மூடியில் பொறித்திருக்கிறது. எனவே ஆவணப்படி அதே கடிகாரம். தலையெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்ணிடம் நீ அதே ஆளா என்று எந்தத் தத்துவமும் கேட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்; அதற்கும் ஆவணமே போதுமாயிருந்தது.

எடுத்துவைத்த பழைய மெஷினில் அம்மாவின் இருபது ஆண்டுகள் சேர்ந்திருக்கின்றன என்று எழுத ஆசையாக இருக்கிறது. கவிதைக்கு நல்ல வரி. ஆனால் பொய். அந்த வில் நாற்பது மணி நேரத்துக்குமேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. முந்தாநாள் கரைத்த மாவு இன்றைக்கு உதவாது. திரும்பக் கை அசையவேண்டும். வீட்டுவேலையைப்போலவே அதிலும் இருப்பு என்று எதுவும் சேரவில்லை. தேய்மானம் மட்டும் இருக்கிறது. லென்ஸில் பார்த்தால் ரோட்டர் சுழன்ற இடத்தில் உலோகத்தின்மேல் மங்கலான ஒரு வளைவுக் கோடு தெரிகிறது.

புது மெஷின் போட்ட கடிகாரத்தை அம்மாவிடம் கொடுத்து, இனி இதற்குச் சாவியும் கொடுக்கலாம் என்றேன். "அப்ப உங்கப்பாவே கட்டிக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "பழச எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். மாத்திரை டப்பியில் இருக்கிறது என்றேன். தூக்கிப் போட்டுவிடாதே என்று மட்டும் சொன்னார்.

போடவில்லை. அதை இனிக் கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பிரித்துப் பார்க்க அதைவிடத் தோதான பொருள் கிடைக்காது. இரவில் பாத்திரம் கழுவி முடித்த பிறகு அரைமணி நேரம் உட்காருகிறேன். ரோட்டரைக் கழற்றியாகிவிட்டது. அடுத்த தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் ஒரே நீளமா, வேறு வேறா என்று படம் வரைந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.