பழைய பாலமும் புதிய பாலமும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் ஆக்கிய பொருள்களுட் பாலம் தனித்தன்மை வாய்ந்தது. கோயிலும் கோட்டையும் மாளிகையும் மனிதரைத் தம்மிடத்து வருவித்து நிறுத்துவன. பாலமோ எவரையும் தன்னிடத்து நிறுத்துவதில்லை. அது கடந்து செல்வதற்கென்றே ஆக்கப்பட்டது. அதனாற்போலும், பழைய கோயிலொன்றைப் பேணுதல் வேண்டும் என்பதில் எளிதாக உடன்படும் நம்மவர், பழைய பாலமொன்றைப் பேணுவதா என்னும் வினா எழும்போது இரு கூறாகப் பிரிந்துவிடுகின்றனர். பயன் குன்றிய கருவியை மாற்றுவது போலப் பாலத்தையும் மாற்றுதல் முறையே என்பர் ஒரு சாரார். தலைமுறைகளின் நினைவைத் தாங்கி நிற்பதனை இடித்தல் தகாது என்பர் மறு சாரார். இவ்வினாவைப் பொறியியலாளர் மட்டும் தீர்த்துவைத்தல் இயலாது. ஒரு பாலம் எத்தனை தொன் பாரத்தைத் தாங்கும் என்பதை அவர் கணித்துக் கூறலாம். இறந்தோருக்கும் வாழ்வோருக்கும் இனிப் பிறப்போருக்கும் நாம் எவ்வளவு கடன்பட்டுள்ளோம் என்பதை எக்கணிப்புங் கூறாது. அஃது அறவியலின்பாற்பட்ட வினாவாகும்.

இதனை வெறுங் கருத்துநிலையில் ஆராயாது, நாமறிந்த ஒரு பாலத்தை முன்வைத்து ஆராய்தல் நன்று. மட்டக்களப்பு நகரையும், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடியையும் இணைப்பது கல்லடிப் பாலம். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய ஊர்களுக்குச் செல்லும் பெருந்தெரு இதன் வழியே செல்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1920களில் அமைக்கப்பட்ட இவ்விரும்புப் பாலத்துக்கு, 1918 முதல் 1925 வரை தேசாதிபதியாகவிருந்த சேர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரால் ‘லேடி மனிங் பாலம்’ என்று பெயரிடப்பட்டது. மாட்டு வண்டியும் சிறு மோட்டார் வண்டியுஞ் சென்ற காலத்தின் தேவைக்கேற்ப அது ஒடுக்கமாகவே அமைந்தது. பேருந்தும் பாரவூர்தியும் பெருகிய பிற்காலத்தில், ஒரு புறத்து வாகனங்கள் கடந்து முடியும் வரை மறுபுறத்து வாகனங்கள் காத்து நிற்பது வழக்கமாயிற்று. ஈற்றில் யப்பானிய உதவியுடன் அதன் அருகிலேயே இருவழிப் புதிய பாலமொன்று கட்டப்பட்டு 2013 மார்ச்சு மாதத்திலே திறக்கப்பட்டது. பழைய பாலம் இடிக்கப்படாது விடப்பட்டது.

இத்தகைய முடிவு எல்லா இடத்தும் வாய்ப்பதில்லை. இடமும் பணமும் ஒருங்கே அமையாதவிடத்து, ஒன்றை விட்டே மற்றொன்றைப் பெறுதல் வேண்டும். அந்நிலையிலே இரு சாராரின் நியாயங்களையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் அவசியமாகின்றது.

முதலில் மாற்றவேண்டும் என்போரின் நியாயத்தை நோக்குவோம். அவர்கள் பழமையின் பகைவரல்லர். பாலத்தின் இரு முனைகளிலுங் காத்து நின்ற வாகனங்களுள் நோயாளரை ஏற்றிச் சென்றவையும் இருந்திருக்கும். பிறரின் நினைவைப் பேணுவதற்காக ஒரு நோயாளி காத்திருக்க வேண்டும் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. இதனினும் கடுமையான சான்று ஐக்கிய அமெரிக்காவிலிருந்து கிடைக்கின்றது. ஒகாயோ ஆற்றின் குறுக்கே 1928இல் திறக்கப்பட்ட ‘சில்வர் பிரிட்ஜ்’ என்னும் தொங்குபாலம், 1967 திசெம்பர் 15ஆந் திகதி மாலை, வாகனங்கள் நெருங்கியிருந்த வேளையில் முறிந்து வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். அதனைத் தாங்கிய சங்கிலியின் ஒரேயோர் உருக்குப் பட்டையில் உண்டான நுண்ணிய வெடிப்பே காரணமெனப் பின்னர் தெரியவந்தது. கழற்றிப் பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அவ்வெடிப்பு இருந்தது. அதே ஆற்றின் மேல் அதே அமைப்பில் அமைந்திருந்த மற்றொரு பாலம் உடனே மூடப்பட்டு, 1971இல் தகர்க்கப்பட்டது. அதனைத் தகர்த்தமை தவறென்று எவருங் கூறார். ஆபத்தை அறியவும் முடியாது, அகற்றவும் முடியாது என்னும் நிலை வருமாயின், உயிரே முதன்மை பெறும். அதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை.

ஆயினும் எல்லாப் பாலங்களும் அந்நிலையில் இருப்பதில்லை. செப்பனிட்டால் இன்னும் நெடுநாள் நிற்கக்கூடிய பாலத்தை, ஒடுக்கமானது, அழகற்றது, பழையது என்னுங் காரணங்களால் அகற்ற முனைவதே பெரும்பான்மை. ஈண்டுத்தான் பேணவேண்டும் என்போரின் குரலுக்குச் செவிசாய்த்தல் வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய கரையோரப் பகுதிகளிற் பேரழிவு விளைத்தது. இவற்றின் பின்னும் அப்பாலம் நிலைத்து நின்று மக்களைக் கடத்தியது. போர்க்காலத்து அச்சங்களையும் அது கண்டது. பாலத்தின் கீழ் வாவியிலே நிலாக் காலத்து இரவிற் கேட்கும் ஒலியை மீன்களின் பாடலென்று கருதி, அதனாலேயே தம் ஊரைப் ‘பாடும்மீன் நாடு’ எனப் பெருமையோடு அழைக்கும் மக்கள், அவ்வொலியைக் கேட்க நெடுங்காலம் நாடிய இடமும் இதுவே. ஒரு சமுதாயம் தன்னைத் தான் அடையாளங் காணும் பொருள்கள் சிலவே. அவற்றை இழந்தபின் பணங்கொடுத்து மீளப்பெறல் இயலாது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். அந்நிய ஆட்சியாளர் தம் நிருவாகத்துக்கும் வணிகத்துக்குமாக அமைத்து, தேசாதிபதியின் மனைவி பெயரைச் சூட்டிய பாலம் எவ்வாறு நமது மரபுரிமையாகும் என்பதே அத்தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் பாலத்துக்கு இடப்பட்ட பெயர் ஒன்று, அதனை எழுப்பிய உழைப்பு இன்னொன்று. வாவியினுள் தூண்களை இறக்கியதும் இரும்பைச் சுமந்ததும் தொழிலாளர் கைகளே. அவர்களின் பெயர் எதுவும் பாலத்துக்குச் சூட்டப்படவில்லை. பின்னர் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அதனைப் பயன்படுத்தியவர் மீனவரும் கமக்காரரும் மாணவருமே. மக்களும் அதனைக் கல்லடிப் பாலம் என்றே வழங்கினர். ஒரு பொருள் யாருக்குரியது என்பது அதனை ஆணையிட்டு எழுப்பியவராலன்றி, உழைத்தவராலும் பயன்கொண்டவராலுமே தீர்மானிக்கப்படுவது நியாயம்.

பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதியன வழக்கில் நுழைவதுங் குற்றமாகா என்று நன்னூலார் வகுத்த விதியை மாற்றத்துக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுவோர் பலர். அவ்விதி மொழிக்குக் கூறப்பட்டதென்பதை அவர் மறந்துவிடுகின்றனர். ஒரு சொல்லை எவரும் ஆணையிட்டுக் கொல்வதில்லை. பேசுவோர் நாவிலிருந்து அது தானே மெல்ல அகலுகின்றது. பாலம் தானே அகலுவதில்லை. ஒருவர் தீர்மானிக்கின்றார், ஒருவர் கையொப்பமிடுகின்றார், ஒருவர் இடிக்கின்றார். இயற்கையாய் நிகழும் மாற்றத்துக்கு எவரும் பொறுப்பேற்க வேண்டுவதில்லை. மனிதர் தீர்மானித்துச் செய்யும் மாற்றத்துக்குப் பொறுப்பாளர் உண்டு. எனவே, ஏன் இடிக்கின்றோம் என்று காரணங் காட்டுங் கடமை இடிப்பவரையே சாரும்.

இனி, பேணுதல் என்பதன் பொருள்தான் யாது? தீசியசின் கப்பலைப் பற்றிக் கிரேக்கர் எழுப்பிய வினா மெய்யியல் பயில்வோர் அறிந்ததே. உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஈற்றில் எல்லாப் பலகைகளும் மாறிய பின்னும் அது அதே கப்பல்தானா? யப்பானில் இசே ஆலயத்தின் வாயிலில் இசுசு ஆற்றைக் கடக்கும் ஊஜி மரப்பாலம் இவ்வினாவுக்குச் செயலால் விடையளிக்கின்றது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அது முற்றாக அகற்றப்பட்டு, அதே வடிவிற் புதிதாக அமைக்கப்படுகின்றது. 2009இலும் அவ்வாறே அமைக்கப்பட்டது. அங்குப் பேணப்படுவது மரமன்று. மரத்தை இணைக்கும் தச்சரின் அறிவும், அவ்வறிவை மூத்தோரிடமிருந்து இளையோர் பெறும் வாய்ப்புமாகும். மாற்றுதலே பேணுதலாக அமைய முடியும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான சான்று நம் நாட்டிலேயே உண்டு. கொழும்பு–கண்டி வீதியில், பேராதனையில் மகாவலி கங்கையின் மேல், கேணல் பிரேசர் என்பாரின் திட்டப்படி 1833இல் முதிரை மரத்தாலான பாலமொன்று அமைக்கப்பட்டது. 205 அடி அகலத்தை ஒரே வளைவினாற் கடந்த அப்பாலம் பிறநாட்டாராலும் வியந்து பேசப்பட்டது. 1905இல் அதனிடத்தை இரும்புப் பாலம் பெற்றது. பெருகிய போக்குவரத்தை மரம் என்றென்றுந் தாங்கியிராது. ஆதலின் மாற்றம் தேவையானதே. ஆனால் இன்று அவ்விடத்தைக் கடப்போருள் எத்தனை பேர் முதிரைப் பாலமொன்று அங்கு நின்றதை அறிவர்? மரம் போனதினும், அதனை இணைத்த கைத்திறனும் அதுபற்றிய நினைவும் தலைமுறையாகக் கையளிக்கப்படாமையே பேரிழப்பு. இடித்தல் தவிர்க்க முடியாததாய் இருக்கலாம், மறத்தல் தவிர்க்கக்கூடியதே.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து நாம் வந்தடையும் முடிவு இதுவாகும். பேணுதலும் மாற்றுதலும் ஒன்றையொன்று மறுக்கும் இரு கொள்கைகளல்ல. இரண்டும் ஒரே கடனைச் செலுத்தும் இரு வழிகள். உயிருக்கு ஆபத்தென்று தேர்ந்து தெளிந்தவிடத்து மாற்றுக. ஆனால் மாற்றுமுன் அதனை அளந்து, வரைந்து, படம்பிடித்து, அதனாற் பயன்பெற்ற மக்களின் வாய்மொழியையும் பதிந்து வைக்குக. வசதி மட்டுமே காரணமாயின், இடிக்காது வேறு வழி தேடுக. மனம்பிட்டியில் வீதியும் புகையிரதமும் ஒரு பாலத்தையே பகிர்ந்து வந்தன. 2007இல் வீதிக்கெனப் புதிய பாலம் அமைந்தபோது பழையது புகையிரதத்துக்கே உரியதாயிற்று. கல்லடியிலும் புதிய பாலம் விரைந்தோடும் வாகனங்களை ஏற்றபடியால், நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டியிற் செல்வோருக்கும் பழைய பாலம் பயன்படக்கூடியதாயிற்று. எளியோருக்கு அச்சமற்ற வழியாக இருப்பதைவிடப் பழைய பாலமொன்றுக்கு ஏற்ற தொழில் வேறில்லை.

ஆயினும் இடிக்காது விட்டதோடு கடன் தீர்ந்ததென எண்ணலாகாது. உப்புக் காற்று வீசும் வாவிக்கரையில் இரும்பு நாள்தோறுந் துருவேறும். துருவகற்றி வர்ணம் பூசவும், பழுதுற்ற உறுப்புகளை மாற்றவும் பணம் வேண்டும். பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் பணம் போதாத நாட்டில் இது வீண்செலவன்றோ என்று கேட்பவரை நாம் இகழ முடியாது. அவர் கேட்பது நியாயமான கேள்வி. அக்கேள்விக்கு ஒரு விடைதான் உண்டு. பராமரிக்க மனமில்லாது ஒரு பாலத்தை ‘மரபுரிமை’ என்று அழைப்பது, அதனை மெல்ல இடிப்பதற்கு மற்றொரு பெயரே. அத்தோடு, துருவேறிய பாலம் தன் மீது நடப்பவரையே ஒரு நாள் பலிகொள்ளக்கூடும். ஆகவே பேணுவோம் என்று கூறுபவர் அதற்கான செலவையும் உழைப்பையும் ஏற்க முன்வருதல் வேண்டும். ஏற்க இயலாதாயின், அதனை ஒளிவுமறைவின்றிக் கூறி, உரிய பதிவுகளைச் செய்து, மதிப்போடு விடைகொடுத்தலே நேர்மை. நினைவைப் போற்றுகின்றோம் என்று பேசிக்கொண்டே அதனைத் துருவுக்கு இரையாக்குதல் இவ்விரண்டிலுஞ் சேராத தீமையாகும்.