சிப்பிக்குச் சாத்திரம் தெரியாது!

"இயற்கைக்கு மாறானது!" ஒரு மனிதரை ஒதுக்கிவைக்க விரும்புவோர் கையாளும் கடைசிக் கருவி இது. சாத்திரம் செல்லாத இடத்தில் இயற்கையைச் சாட்சிக்கு இழுப்பர். ஆண்பிள்ளை எனப் பெயரிட்டு வளர்த்த ஒருவர் தம்மைப் பெண்ணென உணர்ந்து உரைத்தால், வீடு கதவை மூடுகிறது, ஊர் வாயைத் திறக்கிறது. இரண்டுக்கும் இச்சொல்லே துணை. நல்லது! அழைத்த சாட்சியை விசாரித்துப் பார்ப்போமே!

பொதிகையில் பிறந்து, நெல்லைச் சீமையை வளமாக்கி, புன்னைக்காயலில் கடல் புகுகிறது பொருநை என்னும் தாமிரபரணி. அம்முகத்துவாரத்துக்கு அருகே பாண்டியர் துறைமுகமாய்த் திகழ்ந்தது கொற்கை. கொற்கைக்குப் புகழ் தந்தது முத்து. முத்தைத் தந்தது சிப்பி. அந்தச் சிப்பி ஆணா, பெண்ணா? மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளுள் பல, இளமையில் ஆணாய் முதிர்ந்து, பின்னர்ப் பெண்ணாகின்றன. பால் மாறிய சிப்பியில் விளைந்தது என்பதற்காக, மார்பில் ஒளிர்ந்த முத்தைத் தீட்டென்று எறிந்த மன்னன் உண்டா?

கழிமுகத்தில் வலைப்படும் கொடுவா மீனும் பெரும்பாலும் ஆணாய் முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாகும். பாறை இடுக்கில் வாழும் களவாவோ நேர்மாறு: பெண்ணாய்த் தொடங்கி, பெருத்தபின் ஆணாகும். ஏன்? பெரிய உடல் மிகுதியான முட்டைகளைத் தாங்கும். ஆகவே கொடுவாவுக்கு வளர்ந்தபின் பெண்மை ஆதாயம். பெருத்த ஆணே இணைகளை வெல்லும் இனத்தில் ஆண்மை ஆதாயம். சாபமும் அன்று, வரமும் அன்று. இனம் பெருகும் கணக்கு! கடற்குதிரையிலோ, கருவைப் பையில் சுமந்து குஞ்சுகளை வெளிவிடுவது ஆண்!

அழைத்தவர்க்கே பிறழ் சாட்சியாகிவிட்டது இயற்கை.

"மீன் மாறுகிறது, ஆகவே மனிதரும் மாறலாம் என்கிறாயா?" என்று மடக்குவர். இல்லை, தோழரே! அப்படி வாதிட்டால், அவர்கள் தவற்றையே நாமும் தலைகீழாய்ச் செய்தவராவோம். களவா சிறுமீனை விழுங்குகிறது. அதுகொண்டு வலியோன் எளியோனை விழுங்கலாம் என நீதி வகுப்போமா? மீனின் உடல் மாறுவது வேறு; மனிதர் தம்மை அறிவது வேறு. மீனுக்கு மானமில்லை, அவமானமுமில்லை. மனிதருக்கு இரண்டும் உண்டு. எது நிகழும் என இயற்கை காட்டும்; எது நியாயம் எனச் சொல்லாது. அதைச் சொல்லவேண்டியவை நம் பகுத்தறிவும் பரிவுமே.

சொல்லியும் இருக்கின்றன. 2008 இல் தமிழகம் திருநங்கையர் நலவாரியம் கண்டது. தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் ஏற்றது. முத்துக் கடலோரத் தூத்துக்குடியில், 2018 அக்டோபரில், ஓர் ஆடவரும் திருநங்கையும் கோயிலில் மணம் புரிந்தனர். திருமணப் பதிவு மறுக்கப்பட்டது. இந்து திருமணச் சட்டத்தின் "மணமகள்" என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்து, பதிவு செய்ய ஆணையிட்டது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, 2019 ஏப்ரலில். எந்தச் சிப்பியும் அங்கே சாட்சி சொல்லவில்லை; மனித உரிமையே போதுமானதாயிற்று.

தீர்ப்பு ஏட்டில் ஏறிவிட்டது, வீட்டில் ஏறவேண்டும். கதவைத் திறக்கக் கடலைக் கேட்கவேண்டியதில்லை. வெளியே நிற்பது நம் பிள்ளை. அந்த ஒரு காரணம் போதாதா?