வழி சொல்பவன்

புதிதாக ஊருக்கு வந்தவன் கடை வாசலில் நின்று ஓரிடத்துக்கு வழி கேட்டால், நாம் காட்டும் திசையில் நம்பி நடக்கிறான். ஆகவே வழி சொல்வதும் ஓர் அமானிதமே.

இண்டர்நெட்டில் இந்த வேலையைச் செய்வது டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தது. நாம் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால், அது எண் விலாசத்தைக் கொடுக்கும். யாரிடம் கேட்பது என்பது வீட்டு ரவுட்டரில் குறித்திருக்கும். பெரும்பாலும் லைன் கொடுத்த கம்பெனியின் சர்வர்தான். அதை மாற்றி, கூகிளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று போடலாம். 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களும், கேடு செய்யும் தளங்களும் தடுக்கப்படும்.

ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் மாற்றுகிறவர் ஒருவர். அவ்வழியே போகிறவர்கள் வீட்டார் அனைவரும். அவர்களிடம் சொல்லாமல் மாற்றுவது நியாயமா? கூட்டுக் கடையில் பங்காளியைக் கேளாமல் கொள்முதல் இடத்தை மாற்றுவோமா?

வழி சொல்பவனுக்கு, அந்த வீட்டார் எந்தெந்தத் தளத்தைத் தேடுகிறார்கள் என்பதும் தெரியும். அவன் கெட்டவனானால் வேறு வாசலுக்கும் அனுப்புவான். 2011-ல் எஸ்டோனியாவில் பிடிபட்ட கூட்டம், சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டி.என்.எஸ். குறிப்பைத் திருட்டுத்தனமாக மாற்றித்தான் பணம் குவித்தது.

2024 செப்டம்பரில் மலேசியாவில் ஓர் உத்தரவு வந்தது. வெளி டி.என்.எஸ்.-ஐ நாடும் கேள்விகளையும் லைன் கம்பெனிகள் தங்கள் சர்வருக்கே திருப்ப வேண்டும் என்பது அது. தீய தளங்களைத் தடுக்கவே என்று காரணம் சொல்லப்பட்டது. ஆயினும் ஜனங்கள் ஆட்சேபித்தார்கள், உத்தரவும் நிறுத்தப்பட்டது. அரசாங்கத்திடம் நாம் எதிர்பார்க்கும் நியாயத்தை நம் வீட்டாருக்கு மறுக்கலாமா?

"பிள்ளைகளின் நன்மைக்குத்தானே" என்பீர்கள். உண்மை, தகப்பனுக்கு அந்த உரிமையும் கடமையும் உண்டு. ஆனால் மறைவாகப் பூட்டிய கதவு புத்தி சொல்லாது. பிள்ளை போனில் சிம் டேட்டாவைப் போட்டுவிட்டால், ரவுட்டரின் தடை அங்கே செல்லாது. அப்போது துணை நிற்பது நாம் எடுத்துச் சொன்ன காரணம் ஒன்றே.

ஆகவே அன்பர்களே, வேண்டுமானால் மாற்றுங்கள். மாற்றுமுன் பழைய எண்களைக் குறித்து வையுங்கள். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதை வீட்டாரிடம் அன்றே சொல்லுங்கள். சொல்லக் கூசுகிற மாற்றமானால், அதைச் செய்யாதிருப்பதே மேல்.