சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படம்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.



2009 மே 31 முதல் நம் நாட்டில் சிகரெட், பீடிக் கட்டுகளில் எச்சரிக்கைப் படம் கட்டாயம். 2016 ஏப்ரல் முதல் அந்த எச்சரிக்கை பெட்டியின் இரு பக்கமும் 85 சதவீத இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். இதைவிடப் பெரிதாக ஒருவரை எச்சரிக்க முடியாது. ஆனாலும் நம் ஃபேர்லேண்ட்ஸ் டீக்கடைகளில் புகை நிற்கவில்லையே, ஏன்?

பலர் பெட்டியாக வாங்குவதில்லை. ஒன்றிரண்டு என்று சில்லறையாக வாங்குகிறார்கள். படம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. பெட்டியாக வாங்குபவருக்கோ அது பார்த்துப் பார்த்துப் பழகிப்போன படம். கண் பார்க்கிறது, கல்பு பார்ப்பதில்லை. குருடாவது கண்கள் அல்ல, நெஞ்சிலுள்ள இதயங்களே என்று ஸூரத்துல் ஹஜ்ஜின் 46-வது வசனம் உணர்த்துவதை இங்கே யோசித்துப் பாருங்கள்.

"ஹஜ்ரத், இது மக்ரூஹ்தானே?" என்று கேட்கிறார்கள். முற்கால அறிஞர்களில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் புகையிலை புற்றுநோயைத் தரும் என்று மருத்துவம் உறுதிசெய்த பின், ஹராம் என்று தீர்ப்பளித்தவர்கள் பலர். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதை ஸூரத்துல் பகராவின் 195-வது வசனம் தடுக்கிறது. பூண்டு, வெங்காய வாடையோடு பள்ளிக்கு வருவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு ஸஃப்பில் வந்து நிற்பவர், பக்கத்தில் தொழுபவரை நினைக்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பீடி வாங்கி வர மகனையே கடைக்கு அனுப்பும் அத்தாமார்கள் இருக்கிறார்கள். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெட்டியில் இருக்கும் படம் "வேண்டாம்" என்கிறது; அத்தாவின் விரலிடுக்கில் இருக்கும் சிகரெட் "பரவாயில்லை" என்கிறது. பிள்ளை எந்தப் படத்தை நம்பும்? நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாளை மறுமையில் விசாரிக்கப்படுவோம்.

விட முடியாது என்று சொல்லாதீர்கள். ரமழானில் ஸஹர் முதல் இஃப்தார் வரை ஏறத்தாழ 13 மணி நேரம் விட்டவர்கள்தானே நீங்கள்! அந்த உறுதியோடு மருத்துவ உதவியையும் தேடுங்கள். 2018 முதல் பெட்டியிலேயே அச்சிடப்படும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள்; புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள். நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் இந்தத் தீமையிலிருந்து காப்பானாக! ஆமீன்.