தவணை கொடுப்பதும் இபாதத்தே



தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வது ஹராம் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் அது. ஆனால் அவ்வசனம் தொடங்குவது வியாபாரத்தில் அல்லவா? பிறர் பொருளை அநியாயமாக உண்ணாதீர் என்று தொடங்கி, உயிரைப் போக்காதீர் என்று தடுத்து, அல்லாஹ்வின் கிருபையைச் சொல்லி முடிகிறது. நாமோ நடுவிலுள்ளதை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறோம்.

மலேசியப் போலீசார் கணக்குப்படி 2019இல் 609 பேர், 2020இல் 631 பேர் தற்கொலை செய்துகொண்டனர். 2021இல் முதல் ஐந்தே மாதத்தில் 468 பேர்! குடும்பத் தகராறு, மனவேதனை, பணமுடை ஆகியவையே முக்கிய காரணங்களாம். கடைகள் பூட்டிக்கிடந்த காலம். வாடகை மட்டும் பூட்டிக்கொள்ளவில்லை.

தீவில் வாழ்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சூலியா தெருவில் காலையில் ஒரு செக் திரும்பினால், அஸருக்குள் கப்பித்தான் பள்ளி ஹவுளடியில் அதுவே பேச்சு. ஊரில் உள்ளவர்களுக்கோ சபுராளி என்றால் பணம் காய்க்கும் மரம். பாவம், அவன் யாரிடம் வாய் திறப்பான்?

நம்மிடம் சரக்கெடுத்த தம்பி ஒருவர் 4,000 வெள்ளி பாக்கி. 2021 கடைசியில் கடைகள் திறந்தபின் இரண்டு முறை பையனை அனுப்பினோம், கடுமையாகவே. மூன்றாம் முறை நாமே போனோம். "காக்கா, உங்கள் கண்ணில் படாமல் பின்தெரு வழியாக நடந்தேன். ஓர் இரவு ஃபெரித் துறைவரை போய்விட்டேன். மகள் முகம் ஞாபகம் வந்தது, திரும்பினேன்" என்றார். கேட்ட நமக்குக் கால் நடுங்கியது. அல்பகரா 280ஆம் வசனத்தில், கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், விட்டுக்கொடுப்பதே மேல் என்றும் கட்டளை இருக்கிறது. எத்தனை முறை ஓதியிருப்போம்! பாதியைத் தள்ளினோம், மீதியை அவர் இரண்டு வருஷத்தில் கட்டினார்.

அதே 2021 ஜூன், ஜூலையில், பசித்த வீட்டார் வாசலில் வெள்ளைக்கொடி கட்டினால் போதும் என்று இந்நாட்டு ஜனங்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் அரிசி கொண்டு போனார்கள். கடைக்காரன் கொடி கட்டமாட்டான் ஐயா, கௌரவம் தடுக்கும். அவன் கொடி எது? ஜமாஅத்துக்கு வராதது, போன் எடுக்காதது, பின்தெருவில் நடப்பது.

தற்கொலைக்கு முயன்றவனைச் சிறையிலடைக்கும் 309ஆம் பிரிவை 2023இல் அரசாங்கமே எடுத்துவிட்டது. ஆகவே உதவி கேட்க அஞ்சவேண்டாம். பினாங்கில் பிஃபிரெண்டர்ஸ் சங்கத்தார் தொலைபேசியில் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

இந்த ஜும்ஆ முடிந்ததும், சில வாரமாக ஸஃப்பில் காணாதவர் யாரென்று பார்த்து, அவர் கடைக்குப் போய்வாருங்கள். பற்று நோட்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.